வரைபடத்தில் படிக்கட்டு கிடையாது

சுரங்க ரயில் நிலையத்தில் இருபத்தாறு வருடம் டிக்கெட் கொடுத்தவர் அவர். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாலேயே காலம் ஓடிவிட்டதால் கூட வேலை பார்த்தவர்கள் 'ஜன்னலக்கா' என்று கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. ஃபோனை எடுத்தால் அவரே "ஜன்னலக்கா பேசறேன்" என்பார்.

ஜன்னலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு டிக்கெட்டை விட வழிதான் முக்கியம். வெளியூர்க்காரர்கள், மூட்டை முடிச்சு, குழந்தை குட்டிகளோடு வந்து நிற்பார்கள். அதிகமாகக் கேட்கப்பட்ட இடம் மீன் காட்சியகம். ஜன்னலக்கா தலையைத் தூக்காமல் ஒரே மூச்சில் சொல்வார்: "நீலக் கோடு, ஆறாவது ஸ்டேஷன்ல இறங்குங்க. பச்சைக் கோட்டுக்கு மாறுங்க, அஞ்சு நிமிஷம். நாலாவது ஸ்டேஷன் துறைமுகம், ரெண்டாம் வாசல், வெளியே வந்தா படகு. அடுத்த ஆள் வாங்க." ஒரு நாளைக்கு முப்பது பேருக்காவது இதைச் சொல்லியிருப்பார். அவர் அந்த மீன்களைப் பார்த்ததில்லை. படகில் ஏறியதில்லை. ஆறாவது ஸ்டேஷனில் இறங்கியதுகூட இல்லை. மகன் மூன்றாவது படிக்கும்போது கணவர் இறந்துவிட்டார். விடுமுறை நாள் துணி துவைக்கவும், பையனின் பாடத்தைப் பார்க்கவும், தூங்கவும் சரியாக இருந்தது.

வழி சொல்லிச் சொல்லிப் பழகியவருக்கு ஒரு குணம் வந்துவிட்டது. யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். கேட்பது எதிரில் நிற்பவர்களின் வேலை, சொல்வது தன் வேலை என்று மனதில் பதிந்துவிட்டது.

அந்தக் குணம்தான் அவரைக் கீழே தள்ளியது. அறுபத்து மூன்றாவது வயதில், சமையலறை மேல்தட்டில் இருந்த பெரிய பாத்திரத்தை எடுக்க முக்காலி மேல் ஏறினார். பக்கத்து வீட்டில் இருப்பவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார், ஆறடிக்கு மேல் உயரம். கூப்பிட்டிருந்தால் நின்ற இடத்திலிருந்தே எடுத்துக் கொடுத்திருப்பார். கூப்பிடவில்லை. முக்காலி சரிந்து வலது இடுப்பெலும்பு முறிந்தது. விழுந்த பிறகாவது சுவரைத் தட்டியிருக்கலாம். அதுவும் இல்லை. முக்கால் மணி நேரம் தரையில் உடம்பை இழுத்து இழுத்து நகர்ந்து, ஃபோனை எட்டி, ஆறு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கும் மகனைக் கூப்பிட்டார். மகன் அங்கிருந்து வாத்தியாரைக் கூப்பிட்டான். அதன் பிறகுதான் வாத்தியார் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்.

"ஏன்க்கா, சுவரைத் தட்டினா என்ன?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவர் சாப்பிட்டுட்டு கண்ணசர்ற நேரம் சிஸ்டர். எதுக்குத் தொந்தரவு?"

நான் வீட்டுக்கே போய் நோயாளிகளைப் பராமரிக்கும் நிறுவனத்தின் ஆள். அறுவை முடிந்து அவர் வீடு திரும்பிய நாளிலிருந்து ஐந்து மாதம் பகல் நேரத்தில் அவருடன் இருந்தேன். படுக்கையிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து நடை வண்டி, நடை வண்டியிலிருந்து கைத்தடி என்று ஒவ்வொன்றாகக் கடந்தார். முரண்டு பிடிக்காமல் பயிற்சி செய்தார். உதவி மட்டும் கேட்க மாட்டார். தண்ணீர்க் குவளை எட்டவில்லை என்றால் தாகத்தோடு இருப்பார்.

கடைசி வாரத்தில் நிறுவனம் ஒரு படிவம் அனுப்பும். அதில் பதினான்காவது கேள்வி: 'தனியாக வெளியே செல்ல இயலுமா? ஆம் / இல்லை.' பொருந்துகிற பதிலின் அடியில் நான் கோடு போட்டுக் கையெழுத்திட வேண்டும். மகன் சனிக்கிழமை வருவதாக இருந்தது. புதன்கிழமை எனக்கு ஃபோன் செய்தான்.

"இல்லைன்னே போட்டுடுங்க சிஸ்டர். நான் வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடறேன். அந்த வீட்டைக் காலி பண்ணிடலாம். இங்க பாத்ரூம்ல கைப்பிடிகூட மாட்டிட்டேன்."

கெட்ட பிள்ளை என்று சொல்ல முடியாது. அம்மா தரையில் கிடந்து பேசிய குரலைக் கேட்டவன் அவன். ஆனால் அவன் வீடு ஒன்பதாவது மாடி. கணவன் மனைவி இருவரும் காலையில் போனால் இரவுதான் வருவார்கள். அங்கே ஜன்னலக்காவின் நாள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீடுகளில் வேலை பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதற்காக 'ஆம்' போட முடியாது. இரக்கப்பட்டு எழுதுகிற படிவம் அல்ல அது. அவருடைய கால் எனக்குப் பிரச்சினையாக இல்லை. கடைவரை போய்வரும் அளவுக்குக் கால் தேறியிருந்தது. என் தொழிலில் நான் பார்த்தவரை, திரும்ப விழுகிறவர்கள் பலரும் காலில் வலு இல்லாதவர்கள் அல்ல. வாயைத் திறக்காதவர்கள். ஜன்னலக்கா வாயைத் திறக்காத வரை என் கோடு 'இல்லை' பக்கம்தான். இதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் எனக்காக நாலு முறை உதவி கேட்டுவிட்டு, நான் போன பிறகு மறுபடி முக்காலியில் ஏறிவிடுவார்.

அவருக்கும் படிவத்தைப் பற்றித் தெரியும். புதன் சாயங்காலம் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஒரு நாள் குடுங்க சிஸ்டர். டூரிஸ்ட் மாதிரி ஊர் சுத்திட்டு வர்றேன். பஸ், ரயில், படகு. மீனைப் பாத்துட்டு இருட்டறதுக்குள்ள வீடு வந்து சேருவேன். அதுக்கப்புறம் கோடு போடுங்க."

"நானும் வருவேன்."

"தாராளமா வாங்க. ஆனா பத்தடி தள்ளி, யாரோ எவரோன்னு வரணும். நீங்க என்னை ஒரு தடவை தொட்டாலும் நான் தோத்தேன். இல்லைன்னு போட்டுக்கங்க."

"விழுந்தா?"

"விழுந்தா தொடலாம்," என்றார் பெரிய மனதோடு.

மறுநாள் காலை எட்டரைக்குக் கிளம்பினோம். தோள்பையில் தண்ணீர், ரொட்டி, இரண்டு அவித்த முட்டை, மாத்திரை டப்பா. கையில் மடித்த ரயில் வரைபடம்.

"உங்களுக்குத்தான் மனப்பாடம் ஆச்சே?"

"டூரிஸ்ட்னா கையில மேப் வேணாமா? நீங்க பின்னால போங்க. யாரோ எவரோ."

பஸ்ஸில் ஏறும்போது நல்ல காலை முதலில் வைத்தார். இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். சொல்லிக்கொடுத்தது மறக்கவில்லை. உள்ளே கூட்டம். கல்லூரிப் பெண் ஒருத்தி கைத்தடியைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"வேணாம்மா. அடுத்த ஸ்டாப்புதான்," என்றார் ஜன்னலக்கா.

பச்சைப் பொய். இன்னும் ஆறு ஸ்டாப் இருந்தது. மூன்றாவது ஸ்டாப்பில் டிரைவர் பிரேக் போட்டதில் கம்பியைச் சுற்றி அரைவட்டம் அடித்தார். எனக்குக் கை பரபரத்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மனதுக்குள் 'இல்லை' பக்கம் ஒரு கோடு விழுந்தது.

ரயில் நிலையத்தில் இப்போது ஜன்னல்கள் குறைந்து இயந்திரங்கள் வந்துவிட்டன. ஒரு கணவனும் மனைவியும் இயந்திரத்தின் முன் பெரிய பெட்டி இரண்டோடு விழித்துக்கொண்டிருந்தார்கள். வெளியூர் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஜன்னலக்காவுக்குப் பொறுக்குமா?

"எங்க போகணும்?"

"மீன் காட்சியகம்ங்க."

"நீலக் கோடு, ஆறாவது ஸ்டேஷன். பச்சைக் கோட்டுக்கு மாறுங்க, அஞ்சு நிமிஷம். நாலாவது ஸ்டேஷன் துறைமுகம், ரெண்டாம் வாசல், படகு."

மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். ஜன்னலக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தீர்களா என்கிற பார்வை. நான் யாரோ எவரோவாக வேறு பக்கம் பார்த்தேன்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. ஒவ்வொரு ஸ்டேஷன் பெயர் வரும்போதும் அறிவிப்புக்கு முன்னால் அவர் உதடு அசைந்தது. ஆறாவது ஸ்டேஷனில் மிடுக்காக இறங்கினார்.

வரைபடத்தில் அந்த ஸ்டேஷன் ஒரு வெள்ளை வட்டம். நீலக் கோடு ஒரு பக்கம் தொடும், பச்சைக் கோடு மறு பக்கம் தொடும், அவ்வளவுதான். நேரில் அது தெரு நீளத்துக்கு ஒரு குகைப் பாதை. அது முடிந்த இடத்தில் மேலே ஏற ஒரு படிக்கட்டு. பக்கத்தில் நகரும் படி இருந்தது, நகரவில்லை. 'பழுது' என்று அட்டை மாட்டிப் பலகையால் அடைத்திருந்தார்கள். ஜன்னலக்கா படிகளைக் கீழிருந்து மேல்வரை எண்ணினார்.

"நாப்பத்தெட்டு," என்றார் தனக்குத்தானே.

நான் பத்தடி தள்ளி நின்றேன். அவர் கைப்பிடியைப் பிடித்தார். நல்ல கால், அடிபட்ட கால், தடி. நல்ல கால், அடிபட்ட கால், தடி. பதினோராவது படியில் நின்றார். முகம் வெளுத்திருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் பத்தடியை மூன்றடியாகக் குறைத்துக்கொண்டேன்.

"வராதீங்க," என்றார் நிமிராமலே.

அப்போது மேலேயிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவர் இறங்கி வந்தார். அந்த வெளியூர்க் கணவர். ஒரு பெட்டியையும் மனைவியையும் மேலே விட்டுவிட்டு அடுத்த பெட்டிக்காகக் கீழே வருகிறார். ஜன்னலக்காவைப் பார்த்ததும் நின்றார்.

"நீங்கதானே அஞ்சு நிமிஷம்னு சொன்னீங்க?"

"ஆமாம்."

"நாங்க வந்து கால் மணி நேரம் ஆச்சுங்க. மேல ஏறினா அங்க மறுபடி கீழ இறங்க ஒரு படிக்கட்டு இருக்கு. அதுக்கு இது எவ்வளவோ தேவலை!"

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஜன்னலக்காவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. தடியைப் படியில் ஊன்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்தாறு வருஷம்," என்றார் கடைசியில். "எத்தனை பேர் இந்தப் படியில உக்காந்து என்னைத் திட்டியிருப்பாங்க?"

எனக்கு அது வெறும் கணக்காகத் தோன்றியது. அவருக்கு அது தீர்க்க வேண்டிய கடன் போல. எழுந்தார். ஏறவில்லை, இறங்கினார். அடிபட்ட கால் முதலில், நிதானமாக. குகைப் பாதையில் திரும்பி நடந்து அந்த ஸ்டேஷனின் டிக்கெட் ஜன்னலுக்குப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஜன்னலுக்கு வெளியே நின்று கண்ணாடியைத் தட்டினார்.

உள்ளே இருந்த மனிதருக்கு நாற்பது வயதிருக்கும். ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"பச்சைக் கோட்டுக்குப் போகணும்."

"மேல ஏறி இறங்குங்க. அஞ்சு நிமிஷம்," என்றார் தலையைத் தூக்காமல்.

நான் சிரிப்பை அடக்க இருமினேன். ஜன்னலக்கா அசையவில்லை.

"தம்பி, கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க. என் கையில என்ன இருக்கு?"

அவர் நிமிர்ந்தார். "தடி."

"இந்தத் தடியோட எத்தனை நிமிஷம்?"

அவர் பேனாவை வைத்தார். "தெரியலையேம்மா. உண்மையைச் சொல்லணும்னா நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. நான் நீலக் கோட்டுல வர்றேன், நீலக் கோட்டுலயே போறேன்."

"நானும் அப்படித்தான் இருந்தேன். வேற வழி இருக்கா?"

அவர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சாமான் லிஃப்ட் ஒன்று இருக்கிறதாம், குப்பை வண்டி போகிற வழியில். யாராவது கேட்டால் சாவி போட்டுத் திறந்துவிடலாமாம்.

"யாரும் கேக்கறதில்லைங்க, அதான் பூட்டியே கிடக்கு. வாங்க."

அந்த வழி அப்போதுதான் துடைத்த ஈரத் தரை. இரண்டடி வைத்ததும் தடியின் முனை வழுக்கியது. ஜன்னலக்கா நின்றார். முன்னால் போகிற பெண்ணைப் பார்த்தார். பின்னால் நிற்கிற என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டவில்லை. நீட்டக் கூடாது என்பது அவர் போட்ட விதி; அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும் என்பது என் விதி. அரை நிமிடம் போயிருக்கும்.

"ஏம்மா," என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். "உன் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கட்டுமா? வழுக்குது."

"இதைச் சொல்றதுக்கா இவ்வளவு நேரம்? பிடிங்க," என்று அவள் கையை வளைத்து நீட்டினாள்.

ஐந்து மாதத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை. போகிற போக்கில் அந்த வெளியூர்க் கணவருக்கும் குரல் கொடுத்து, மிச்சப் பெட்டியோடு லிஃப்டில் ஏற்றிக்கொண்டார். மேலே நின்ற மனைவியும் அடுத்த மாடியில் லிஃப்டில் சேர்ந்துகொண்டாள்.

படகில் காற்று நன்றாக அடித்தது. தண்ணீருக்கு அப்பால் ஊர் முழுவதும் தெரிந்தது. நான் பத்தடி தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜன்னலக்கா என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"பக்கத்துல வந்து உக்காருங்க. எல்லாம் முடிஞ்சு போச்சு. ஒருத்தர் கையைப் பிடிச்சாத்தான் நடக்க முடியுதுன்னு ஆயிடுச்சு. இல்லைன்னே போட்டுடுங்க."

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நாள் இன்னும் முடியவில்லை. ஒரு தடவை கேட்டதை வைத்து நான் கோடு போடுவதில்லை.

ஆனால் அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தோற்றாகிவிட்டது, இனி என்ன வெட்கம் என்று நினைத்துவிட்டார் போல. வாய் திறந்தது, மூடவே இல்லை. படகுக்காரரிடம் எந்தப் பக்கம் இறங்கினால் படி இல்லை என்று கேட்டார். மீன் காட்சியகத்தில் ஒரு தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட முடியுமா என்று கேட்டார், போட்டார்கள். உட்கார்ந்ததும் தொட்டியில் இருந்த பெரிய மீனைக் காட்டிக் காவலாளியைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தத் தடியனுக்கு என்ன வயசு?"

"பதினாலுங்க."

"யாரு சாப்பாடு போடறது? இது தூங்குமா? கண்ணை மூடலையே, எப்படித் தெரியும்?"

காவலாளிக்கே அதற்கெல்லாம் பதில் தெரியவில்லை. உள்ளே போய் விசாரித்துக்கொண்டு வந்தார். வெளியூர்த் தம்பதி ரொட்டியிலும் முட்டையிலும் பங்கு போட்டுக்கொண்டார்கள். எங்களை நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார்கள். அதில் ஜன்னலக்கா மீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

திரும்பும்போது அந்த ஸ்டேஷனைத் தொடவே இல்லை. துறைமுகத்தில் ஒரு கண்டக்டரைக் கேட்டு, படியே இல்லாத வழியாக இரண்டு பஸ் பிடித்தோம். இரண்டாவது பஸ்ஸில் இடம் இல்லை. ஓர் இளைஞன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜன்னலக்கா அவன் தோளைத் தட்டினார்.

"கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா தம்பி? இடுப்புல இரும்பு வச்சிருக்கு."

அவன் பதறி எழுந்தான். அவர் ஜம்மென்று உட்கார்ந்து, எனக்காக, அடுத்து எந்த இடம் காலியாகும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரிக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்குள் நுழையும்போது வெளிச்சம் இருந்தது. காலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன். கொஞ்சம் இருந்தது, அது இருக்கத்தான் செய்யும். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோடு போட்டு அவர் மடியில் வைத்தேன்.

"என்ன சிஸ்டர், தப்பான பக்கம் போட்டிருக்கீங்க?"

"சரியாத்தான் போட்டிருக்கேன்."

"நான் அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சேனே?"

"கேட்டுட்டுத்தானே பிடிச்சீங்க? அதுக்குத்தான் ஆம். கேக்காம அந்த ஈரத்துல நடந்திருந்தா, விழாம போயிருந்தாலும் இல்லைன்னுதான் போட்டிருப்பேன்."

அவர் படிவத்தை இரண்டு முறை படித்தார். "இதை நேத்தே சொல்றதுக்கென்ன? நாள் பூரா நெஞ்சு அடிச்சுக்கிட்டுச்சு."

"சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டீங்க. சும்மா கேக்கற மாதிரி நடிச்சிருப்பீங்க."

"சரியான ஆளு நீங்க," என்று திட்டினார். பிறகு டீ போட எழுந்தவர், பாதியில் நின்று, "நீங்க போடறீங்களா? எனக்குக் கால் வலிக்குது," என்றார். நான் போட்டேன்.

சனிக்கிழமை மகன் வந்தான். படிவத்தைப் பார்த்துவிட்டு என் மேல் பாய்ந்தான்.

"மறுபடி விழுந்தா யாரு பொறுப்பு சிஸ்டர்?"

"விழலாம். உங்க வீட்லயும் விழலாம். அங்க பகல்ல யாரு இருக்கா?"

அவன் அம்மாவைப் பார்த்தான். ஜன்னலக்கா எழுந்து, தடியோடு வெளியே போய், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். எங்களுக்குப் பேச்சு கேட்டது. வீட்டுச் சாவி ஒன்றை வைத்துக்கொள்ள முடியுமா, காலையில் ஒன்பது மணிக்குள் தன் ஜன்னல் திறக்கவில்லை என்றால் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். வாத்தியார், கதவை இன்னொரு தடவை உடைக்கத் தன்னால் ஆகாது, சாவியை உடனே கொடுங்கள் என்றார். மகன் தலையைக் குனிந்து சிரித்துவிட்டான். ஆறு மாதம் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டான். ஆறு மாதம் கழித்து அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இதெல்லாம் நடந்து ஐந்து வருடம் ஆகிறது. ஜன்னலக்கா அதே வீட்டில்தான் இருக்கிறார். அந்த முதல் வருடத்தில் வாரம் ஒரு நாள் என்று, கோடுகள் மாறுகிற பதினோரு ஸ்டேஷன்களுக்கும் போனார். ஒவ்வொன்றிலும் தடியோடு நடந்து கடிகாரம் பார்த்தார். எத்தனை படி, எங்கே லிஃப்ட், யாரிடம் சாவி என்று எழுதி ஒவ்வொரு டிக்கெட் ஜன்னலுக்கும் ஒரு பிரதி கொடுத்தார். இரண்டு இடத்தில் வாங்கி மேஜைக்குள் போட்டுவிட்டார்கள். மற்ற ஒன்பது இடத்தில் கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கிறார்கள். முட்டிவலிக்காரியான நானே அதைப் பார்த்து இரண்டு முறை வழி மாற்றிப் போயிருக்கிறேன்.

போன வாரம் மகன் எனக்கு ஃபோன் செய்தான்.

"மூணு நாளா பகல்ல கூப்பிடறேன், அம்மா எடுக்கறதே இல்லை. வாத்தியாரைக் கேட்டா காலையிலயே கிளம்பிட்டாங்கன்னு சொல்றார். எப்பதான் வீட்ல இருப்பாங்க சிஸ்டர்?"

"அது எனக்கு எப்படிப்பா தெரியும்? சாயங்காலம் கூப்பிட்டு அவங்களையே கேளுங்க," என்றேன்.